நிலத்தடி பவர் ஹவுஸில் தீப்பாதுகாப்புப் பொறுப்பு: முதல் மாதத்தில் என்ன பார்ப்பது?

கேள்வி: நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வீடு வில்லிவாக்கம். ஆறு வருடமாகச் சென்னையிலேயே துணைமின் நிலைய வேலை. இப்போது மலையில் இருக்கும் ஒரு நிலத்தடி நீர்மின் நிலையத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஷிஃப்ட் பொறுப்போடு தீப்பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பு வேறொரு பவர் ஹவுஸில் இருந்த சீனியர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். "சுத்தியும் தண்ணி, அங்கே என்னம்மா நெருப்பு? வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டிங்விஷரை ரீஃபில் பண்ணி டேக் மாட்டினா போதும்" என்றார். ஸ்ரீசைலம் நிலத்தடி நீர்மின் நிலையத் தீ விபத்தைப் பற்றி டி.வி.யில் பார்த்தது என் அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாற்றல் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நான் எதையெல்லாம் பார்க்கவேண்டும்? மாற்றலை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை 49

பதில்:

அன்புள்ள அம்மா,

முப்பத்திரண்டு வருடம் நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று, இப்போது கே.கே. நகரில் இருக்கிறேன். என் மகளுக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தச் சீனியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நீர்மின் நிலையங்களில் இருபது வருடம் ஒரு சின்னத் தீயைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுபவர்கள் நிறையப் பேர். ஆனால் அங்கே எரிவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கணக்கெடுத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய். பேரிங்குகளில் எண்ணெய். டர்பைனுக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் காவர்னருக்கு 40 கிலோ பிரஷருக்கும் மேலே ஏற்றி வைத்திருக்கும் எண்ணெய். இந்த மூன்றாவதைத்தான் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். தொட்டியில் இருக்கும் டர்பைன் எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துபோகும். அதே எண்ணெய் உடைந்த பைப்பிலிருந்து பனிபோலச் சீறி, சூடான ஒரு இடத்தில் பட்டால் பற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே கேபிள். கன்ட்ரோல் ரூமிலிருந்து மெஷின் ஹாலுக்கும், அங்கிருந்து கீழ்த் தளங்களுக்கும், மேலே ஸ்விட்ச் யார்டுக்கும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கேபிள். பழைய நிலையங்களில் அது பெரும்பாலும் பி.வி.சி.

சுற்றிலும் தண்ணீர் இருப்பது உண்மை. பல நிலையங்களில் பென்ஸ்டாக்கிலிருந்தே (டர்பைனுக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்) ஒரு கிளை எடுத்து, பிரஷரைக் குறைத்து, ஹைட்ரன்ட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் தண்ணீரைத் தூவி அணைக்கும் மல்சிஃபையருக்கும் கொடுத்திருப்பார்கள். நூறு மீட்டர் உயரத்துத் தண்ணீர் கரண்டே இல்லாமல் பத்து கிலோ பிரஷர் தரும். இது மலை கொடுத்த வரம். ஆனால் அந்தக் கிளையின் வால்வு பல வருடம் யாரும் திருப்பாமல் துருவேறி இறுகியிருந்தால் வரம் மலையிலேயே நின்றுவிடும். போனதும் அதை உங்கள் கண்முன் திறந்து மூடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆறு வருடம் பார்த்தது திறந்தவெளி யார்டு. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் புகை வானத்துக்குப் போகும், நீங்கள் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்று பார்ப்பீர்கள், வண்டி கால் மணி நேரத்தில் வந்துவிடும். மலைக்குள் இருக்கும் பவர் ஹவுஸில் இந்த மூன்றுமே கிடையாது. 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை எரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தீ தொடங்கியது பேஸ்மென்ட்டில். நகரத்தின் நடுவில், அத்தனை தீயணைப்பு வண்டிகள் வாசலில் நின்றும், புகையைத் தாண்டி உள்ளே போகமுடியாமல் வீரர்கள் தவித்தார்கள். நீங்கள் வேலைக்குப் போகும் இடம், மேலே கட்டடமே இல்லாத ஒரு பேஸ்மென்ட். மேலே இருப்பது மலை.

நிலத்தடியில் தீச்சுவாலை பட்டு இறப்பவர்கள் குறைவு. புகையும் இருட்டும்தான் கொல்கின்றன. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது கண்ணில் பட்டால் கண்ணைத் திறக்கவே முடியாது, மூச்சை இழுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூடவே கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு வாசனை கிடையாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1990-களின் கடைசியில், நான் இருந்த ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) டர்பைன் தளத்தில் ஒரு ஆக்சிலரி போர்டுக்குப் பக்கத்தில் கேபிள் டிரெஞ்ச் புகைந்தது. சின்னத் தீ. மொத்தமே சில மீட்டர் கேபிள்தான் எரிந்தது என்று பிறகு பார்த்தோம். ஆனால் ஐந்தே நிமிடத்தில் தளம் முழுக்கக் கறுப்பு. டார்ச்சை அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் திரும்பி வந்தது. நான்கு வருடமாக ஒரு ஷிஃப்டுக்கு மூன்று தடவையாவது ஏறி இறங்கிய படிக்கட்டு எனக்கு இருபது மீட்டர் தள்ளி இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில் கம்பி இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பம்ப்பை இறக்குவதற்காக வெட்டியிருந்தார்கள், திரும்ப வெல்டிங் செய்யவில்லை. தினமும் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. அன்று கையை நீட்டியபோது காற்றுதான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை, புகை வந்த பக்கமாகவே பத்து அடி நடந்திருக்கிறேன். மேலே ஜெனரேட்டர் தளத்தில் நின்ற ஹெல்ப்பர் ஒருவர், நான் வரவில்லை என்று தெரிந்ததும், ஒரு ஸ்பேனரை எடுத்துப் படிக்கட்டுக் கம்பியில் 'டங் டங்' என்று தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் தட்டியிருக்காவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே, நீங்கள் அங்கே போய்ச் செய்யவேண்டிய முதல் வேலை எக்ஸ்டிங்விஷரை எண்ணுவது கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் ஆள் உட்காரும் அல்லது வேலை செய்யும் இடத்திலிருந்து வெளி வாசல் வரை நடந்து பாருங்கள். முதலில் விளக்கு வெளிச்சத்தில். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, சுவரையும் கம்பியையும் தொட்டுக்கொண்டே. கம்பி எங்கே விட்டுப்போகிறது, எந்தப் படிக்கட்டின் அடியில் பெயின்ட் டின் அடுக்கியிருக்கிறார்கள், எந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, எந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். தீத்தடுப்புக் கதவுக்குச் செங்கல் வைப்பதை மட்டும் சிரித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். படிக்கட்டுச் சுரங்கமும் கேபிள் ஷாஃப்ட்டும் புகைபோக்கி மாதிரி. கீழே எரிவதை மேலே கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதேபோல், புதிதாகக் கேபிள் இழுத்தவர்கள் தளத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள துளைகளைத் தீத்தடுப்புக் கலவையால் திரும்ப அடைத்தார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்குமேல் அடைக்காமல்தான் விட்டிருந்தார்கள்.

நீங்கள் திருமங்கலம் மெட்ரோவில் இறங்கும்போது ஒரு தடவை நின்று கவனியுங்கள். ஒரு பக்க வாசல் அடைபட்டால் இன்னொரு பக்கம் போகலாம். பவர் ஹவுஸில் பல இடங்களில் ஆட்கள் போய்வருவது ஒரே ஒரு அணுகு சுரங்கப்பாதை வழியாகத்தான். கேபிள் சுரங்கமோ, காற்றுச் சுரங்கமோ, தப்பிக்கும் ஷாஃப்ட்டோ இரண்டாவது வழியாக வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கும். அந்த இரண்டாவது வழியில் நீங்களே மேலே வரை ஏறிப் பாருங்கள். முனையில் பூட்டு தொங்கினால், அதன் சாவி நிர்வாக அலுவலகத்து மேஜை டிராயரில் இருந்தால், அது வழியே இல்லை. கேபிள் சுரங்கம்தான் இரண்டாவது வழி என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள்: எரிவது கேபிளாக இருந்தால் அந்த வழி உதவுமா?

காற்று எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அடுத்தது. வெளியிலிருந்து நல்ல காற்று வரும் பாதையும் நீங்கள் தப்பிக்கும் பாதையும் ஒன்றாக இருந்தால் நல்லது. எதிர்மாறாக இருந்தால் ஃபேன் புகையை உங்கள் முகத்துக்கே அனுப்பும். வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் சாம்பிராணி வைத்துப் பார்ப்பேன். மெஷின் ஹாலிலும் சுரங்கப்பாதையிலும் ஒரு தூபக்காலில் சாம்பிராணியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபேனாக ஓட்டி நிறுத்திப் பார்த்தால் புகை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பேட்டரி ரூம், எண்ணெய் அறைப் பக்கம் மட்டும் நெருப்போடு போகவே கூடாது. மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, புகை டிடெக்டரை ஐசோலேட் செய்துவிட்டு (தற்காலிகமாகத் துண்டித்துவிட்டு)ச் செய்யுங்கள். முடிந்ததும் டிடெக்டரை மறுபடி இணைத்துவிட்டதாக லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஃபேன்களை நிறுத்தவும் ஓட்டவும் சுரங்க வாசலில், வெளியே, ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா? ஃபேனுக்குக் கரண்ட் போகும் கேபிள் எரியக்கூடிய அதே கேலரி வழியாகப் போகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கண்டுபிடித்துவிட்டால், நிலையத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி ஸ்ரீசைலம். அம்மாவின் பயத்துக்கும் அதுதானே காரணம். தெலங்கானா பக்கம் இருக்கும் இடதுகரை நிலையம் அது. நிலத்தடியில் 150 மெகாவாட் மெஷின்கள் ஆறு. 2020 ஆகஸ்ட் 20 இரவு பத்தரை மணி வாக்கில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஏழு பேர் நிலையத்தின் ஊழியர்கள், இரண்டு பேர் பேட்டரி கம்பெனியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அன்று உள்ளே பேட்டரி மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. நிலையத்தின் டி.சி. சப்ளை (பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம்) விட்டுப்போனதுதான் பிறகு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

நீங்கள் துணைமின் நிலையத்தில் இருந்தவர், உங்களுக்கு இது சட்டென்று புரியும். கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலேக்கு உயிர் 220 வோல்ட் டி.சி. கரண்டை வெட்டும் பிரேக்கரின் டிரிப் காயிலுக்கும் அதுதான். டி.சி. போய்விட்டால், கோளாறு இருப்பது தெரிந்தாலும் அதை வெட்டிவிட நிலையத்துக்குக் கை இல்லை. துணைமின் நிலையமாக இருந்தால், எதிர்முனை நிலையத்தில் இருக்கும் பிரேக்கர் கொஞ்சம் தாமதமாகவாவது வெட்டிவிடும். பவர் ஹவுஸில் அது போதாது. கிரிட்டிலிருந்து பிரித்துவிட்டாலும் ஜெனரேட்டர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஃபீல்டு (ரோட்டரின் காந்தப்புலம்) இருக்கும்வரை கோளாறு நடக்கும் இடத்துக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஃபீல்டு பிரேக்கரைத் திறக்கவும் டி.சி. வேண்டும். எமர்ஜென்சி விளக்குகள் பலவும் அதே பேட்டரியிலிருந்துதான் எரிகின்றன. அப்படியென்றால் பேட்டரி போன அந்த ஒரு நொடியில் பாதுகாப்பும் போகிறது, தப்பிக்கும் வெளிச்சமும் போகிறது.

அதனால் டி.சி.யில் கை வைக்கும் வேலையைச் சாதாரண பராமரிப்பாக நினைக்காதீர்கள். பழைய பேட்டரி பேங்க்கைக் கழற்றும் முன், மாற்று பேட்டரி பேங்க் இணைந்திருக்கிறது, அதிலிருந்து பிரேக்கர் நிஜமாகவே டிரிப் ஆகிறது என்று ஒரு தடவை டிரிப் செய்து காட்டச் சொல்லுங்கள். மீட்டரில் 220 காட்டுகிறது என்று சொன்னால் ஏற்காதீர்கள், லோடு வந்தால் விழுந்துவிடும் பேட்டரியும் சும்மா இருக்கும்போது 220 காட்டும். முடிந்தால் அந்த வேலையைப் பகலில், மெஷின்களை நிறுத்திவிட்டுச் செய்யும்படி கேளுங்கள். சீசனில் மெஷினை நிறுத்த லோடு டெஸ்பாட்ச் சென்டர் (மாநில கிரிட்டைச் சென்னையிலிருந்து இயக்கும் அலுவலகம்) சம்மதிக்காது என்பார்கள். நீங்களே சென்னைக்கு போன் செய்து கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் தருவார்கள் என்பது என் அனுபவம். எமர்ஜென்சி விளக்குகளில் வழியைக் காட்டும் விளக்குகள் மட்டுமாவது, ஒவ்வொன்றுக்குள்ளும் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருப்பவையாக மாற்றச் சொல்லி எழுதுங்கள். பெரிய செலவு இல்லை. இருட்டில் ஒளிரும் பட்டையைத் தரையோரம், முழங்காலுக்குக் கீழே ஒட்டவையுங்கள். புகை மேலே தொடங்கிக் கீழே இறங்கும். தலைக்கு மேலே தொங்கும் 'வெளியே' பலகை முதலில் மறைந்துபோகும்.

ஸ்ரீசைலத்தில் இன்னொன்றும் இருக்கிறது, எழுதும்போதே மனசு கனக்கிறது. உள்ளே இருந்தவர்கள் உடனே ஓடிவிடாமல் நிலையத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். மெஷினை விட்டுவிட்டு வந்தால் நாளைக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை வருடம் கையால் துடைத்துவைத்த மெஷின் என்ற பாசம் ஒரு பக்கம். அந்த நேரத்தில் போகலாமா, இருக்கலாமா என்று அவர்களையே முடிவு செய்யவிடுவது அநியாயம். அந்த முடிவைத் தீ வருவதற்கு முன்பே, காகிதத்தில், அதிகாரம் உள்ளவர்கள் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதைத்தான் நீங்கள் முதல் மாதத்திலேயே வாங்கவேண்டும். ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில், கன்ட்ரோல் ரூம் சுவரில். அதில் இப்படி இருக்கட்டும்: "தீ சிறியது, பக்கத்தில் எக்ஸ்டிங்விஷர் இருக்கிறது, முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்கிறது என்றால் மட்டும் இரண்டு பேராக ஒரு முறை அணைக்க முயலலாம். ஒரு எக்ஸ்டிங்விஷர் தீர்ந்தும் அணையவில்லை என்றாலோ, புகை படிக்கட்டுக்கு வந்துவிட்டது என்றாலோ, டி.சி. போய்விட்டது என்றாலோ, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு அனைவரும் வெளியேற வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் வேலை செய்யாவிட்டாலும் வெளியேற வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதற்காக யார் மீதும் நடவடிக்கை கிடையாது." கீழே செயற்பொறியாளரும் மேற்பார்வைப் பொறியாளரும் கையெழுத்துப் போடவேண்டும். கடைசி இரண்டு வரிக்குத் தயங்குவார்கள். விடாமல் கேளுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத காகிதம் எனக்குப் போதாது.

வெளியே இருப்பவர்கள் மெஷினை நிறுத்த முடியுமா என்பது இதோடு சேர்ந்தது. பென்ஸ்டாக்கின் மேல்முனையில், மலை உச்சிப் பக்கம், ஒரு பட்டர்ஃபிளை வால்வு வீடு இருக்கும். அந்த வால்வு எதிர் எடையால் தானே விழுந்து மூடும்படி அமைந்திருக்கும். கரண்ட் இல்லாமல், ஒரு ஆள் கையால் நெம்பி அதை விழவைக்க முடிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இது வெள்ளத்துக்கும் உதவும். ரஷ்யாவில் சயனோ-சுஷென்ஸ்கயா நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் எண் டர்பைனின் மூடி போல்ட்டுகள் உலோகக் களைப்பால் அறுந்து, மெஷின் ஹாலுக்குள் ஆறே புகுந்தது. 75 பேர் இறந்தார்கள். நிலையத்தில் கரண்ட் முழுவதும் போய், அணையின் மேலே ஏறிப் போனவர்கள் கையால் கதவுகளை இறக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்கு முந்தைய மாலை, வேறொரு நீர்மின் நிலையமான பிராட்ஸ்க்கின் தகவல்தொடர்பு அறையில் ஒரு தீ. அதனால்தான் கிரிட்டுக்கு ஏற்றபடி லோடைக் கூட்டிக் குறைக்கும் வேலை அன்றிரவு இந்த நிலையத்துக்கு வந்தது. போல்ட்டுகள் அதற்கு முன்பே களைத்துத்தான் இருந்தன. ஆனாலும் எங்கோ ஒரு அறையில் பிடித்த தீ இவ்வளவு தூரம் வந்ததை நான் பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் சொல்வேன்.

கார்பன் டை ஆக்சைடு பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது உங்களுக்குப் புதிது. ஜெனரேட்டர் பேரலுக்குள் (ஜெனரேட்டரைச் சுற்றியுள்ள மூடிய அறை) தீப்பிடித்தால் வரிசையாக நிற்கும் சிலிண்டர்கள் திறந்து உள்ளே வாயுவை நிரப்பும். தீயை அணைக்க அங்கே முப்பது சதவீதத்துக்கும் மேலே வாயு வேண்டும். மனிதனுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடத்தில் நினைவு போய்விடும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கசிவது கீழே இறங்கி டர்பைன் பிட்டில் தேங்கும். பிரஷ் மாற்றவோ சுத்தம் செய்யவோ ஆள் பேரலுக்குள் போகும்போது சிலிண்டர் பேங்க்கை ஐசோலேட் செய்து பூட்டுப் போட்டு, சாவி உள்ளே போகிறவரின் சட்டைப் பையில் இருக்கவேண்டும். வெளியே நிற்பவரிடம் இருந்தால் போதாது. வாயு திறந்துவிட்டால், ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் கீழே இறங்கக்கூடாது. ஒருவர் விழுந்துகிடப்பதைப் பார்த்து இன்னொருவர் இறங்கி அவரும் விழுவது செப்டிக் டேங்கில் நாம் மாதாமாதம் படிக்கும் செய்திதானே.

கோடையில் தண்ணீர் குறைந்ததும் வருடாந்திரப் பராமரிப்பு தொடங்கும். மெஷின் ஓடாத காலம் என்பதால் பயமில்லை என்று தோன்றும். என் கணக்கில் அதுதான் மிக ஆபத்தான காலம். வெல்டிங், பெயின்ட், தின்னர், வெளியூர் கான்ட்ராக்ட் ஆட்கள், கழற்றிப்போட்ட டிடெக்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. அமெரிக்காவில் கொலராடோவின் கேபின் கிரீக் நிலையத்தில் 2007 அக்டோபர் 2 அன்று, தண்ணீர் வடிக்கப்பட்ட பென்ஸ்டாக்குக்குள் எபாக்ஸி பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரே மெஷினைச் சுத்தம் செய்ய எளிதில் தீப்பற்றும் கரைப்பானை உள்ளேயே பயன்படுத்தினார்கள். குப்பென்று பற்றியது. வாசலுக்கும் ஐந்து பேருக்கும் நடுவில் தீ. இன்னொரு பக்கம் செங்குத்தான குழாய். முக்கால் மணி நேரம் வரை ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எக்ஸ்டிங்விஷர் இல்லை. அந்த மாதிரி குழாய்க்குள் இறங்கத் தெரிந்த மீட்புக் குழு ஒரு மணி நேரத்துக்கும் மேலான தொலைவில் இருந்தது. ஐந்து பேருமே இறந்துபோனார்கள். உங்கள் நிலையத்தில் பென்ஸ்டாக்குக்குள்ளோ டிராஃப்ட் டியூபுக்குள்ளோ (டர்பைனிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய்) பெயின்ட் வேலை என்று பர்மிட் வந்தால், கரைப்பான் வெளியிலேயே இருக்கட்டும், வாசலில் ஒரு ஆள் வேறு வேலையில்லாமல் நிற்கட்டும். வெல்டிங் முடிந்த இடத்தில் அரை மணி நேரமாவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். டீ குடிக்கப் போகும் அந்த அரை மணியில்தான் பொறி புகைய ஆரம்பிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுரங்க வாசலில் டோக்கன் பலகை வையுங்கள். உள்ளே போகிறவர் டோக்கனை மாட்டிவிட்டுப் போகவேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களும் சரி, அதிகாரிகளும் சரி. தீ வந்த இரவில் உள்ளே எத்தனை பேர் என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. தப்பிக்கும் மூச்சுக்கருவிகள் ஒவ்வொரு தளத்திலும் ஆள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கன்ட்ரோல் ரூம் அலமாரியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. பெரிய சிலிண்டர் கொண்ட பி.ஏ. செட் (தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டும் மூச்சுக்கருவி) அரை மணி முதல் முக்கால் மணி வரைதான் தாங்கும், அதில் பாதி திரும்பி வருவதற்கு. பயிற்சி இல்லாதவர் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போவதைத் தடுங்கள். படிக்கட்டின் உச்சியில் ஒரு மணியோ சைரனோ தனி பேட்டரியோடு வையுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தீயணைப்பு நிலையம் அநேகமாகக் கீழே ஊரில் இருக்கும். மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஏறி வர எவ்வளவு நேரம் என்று நிலைய அலுவலரை ஒரு நாள் அழைத்து, வண்டியோடு வரச்சொல்லிப் பாருங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், அப்போது கேட்டால் ஆர்வமாக வருவார்கள். அவர்கள் ஹோஸ் உங்கள் ஹைட்ரன்ட்டில் பொருந்துகிறதா, சுரங்கக் கேட்டில் வண்டி நுழையுமா, எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு எண்ணெய், எங்கே சிலிண்டர்கள் என்று ஒரு வரைபடம் அவர்கள் கையில் இருக்கிறதா, இதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் யார் எந்த போனிலிருந்து கூப்பிடுவது என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

மாற்றலை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் வேறு காரணம் இருந்தால் கேளுங்கள், அதில் தப்பில்லை. தீ பயம் மட்டும்தான் காரணம் என்றால், போங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், அவர் டேக் மாட்டினால் போதும் என்று நினைப்பவராக இருக்கலாம். தமிழ்நாட்டில் கடம்பாறையில் 400 மெகாவாட், பைக்காரா இறுதி நிலையில் 150 மெகாவாட் என்று மலைக்குள் பவர் ஹவுஸ்கள் நெடுங்காலமாக ஓடுகின்றன. அவற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலர் இன்று சென்னையில் பேரன் பேத்திகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தினமும் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் ஒரு போன் செய்வதாகவும் சொல்லுங்கள், அந்த ஒரு போனுக்காக அவர் எத்தனை மணிக்கும் விழித்திருப்பார்.

கிளம்பும் முன் ரிச்சி தெருவுக்குப் போய், தலையில் மாட்டும் நல்ல டார்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை உங்கள் ஷிஃப்டில் இருக்கும் ஹெல்ப்பரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.